கொசுவக் கழுத்துக்காரி

எண்ணெய் வண்ணத்தில் முகம் வரையக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்தது நாற்பத்தொன்பதாவது வயதில். கற்றுக்கொண்டாயா என்று கேட்டால் ஒன்றுதான் சொல்வேன். பதினான்கு மாதம் ஒரே ஒரு முகத்தை வரைந்தேன். அது என் முகமும் இல்லை, எனக்குத் தெரிந்தவர்கள் முகமும் இல்லை. ஐரோப்பாவில் எங்கேயோ நானூறு வருடங்களுக்கு முன்னால் செத்துப்போன ஒரு கிழவியின் முகம். அவள் பெயர் யாருக்கும் தெரியாது. அவளை வரைந்தவர் பெயரும் தெரியாது. தெரிந்திருந்தால் பேர் சொல்லித் திட்டவாவது வசதியாக இருந்திருக்கும்.

மேட்டூரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. பாட்டில்களில் வரும் மாதிரிகளைச் சோதித்து, சரி அல்லது சரியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்தாறு வருடமாக அதைத்தான் செய்கிறேன். நடுநடுவே நோட்டின் ஓரத்தில் தலைகளாக வரைந்து தள்ளுவேன். ஒருமுறை எங்கள் மேலாளர் ஒரு பக்கத்தில் தன் மூக்கைக் கண்டுபிடித்துவிட்டார். கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் அதை போனில் படம் பிடித்துக்கொண்டு போனார். அன்றைக்குப் பிடித்த கிறுக்குதான். மகளும் வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போய்விட, ஞாயிற்றுக்கிழமைகள் காலியாகக் கிடந்தன. சேலத்தில் வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டதும் பஸ் ஏறிவிட்டேன்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறைக்கு மேலே மாடி. கீழே ஞாயிற்றுக்கிழமையும் வெள்ளிக் கம்பியைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். மாடியில் நாங்கள் ஐந்து பேர். சொல்லிக்கொடுப்பவள் ஆத்தூர்ப் பெண், ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவள், வயது இருபத்தேழு. என் மகளைவிட மூன்று வயதுதான் மூத்தவள். எல்லோரும் அவளை மிஸ் என்றார்கள், நானும் மிஸ் என்றேன். சிரிக்கவே மாட்டாள்.

முதல் நாளே என் ஆசையைச் சொன்னேன். "எங்க லேப்ல பாட்டில் கழுவற அம்மா ஒருத்தங்க இருக்காங்க மிஸ். ரொம்ப நல்ல முகம். அவங்களை வரையணும்."

"வரையலாம் மேடம். மொதல்ல இதை வரைங்க" என்று ஒரு அச்சுப் படத்தை எடுத்து என் முன்னால் சாய்த்து வைத்தாள்.

கறுப்பு உடுப்பு போட்ட ஒரு வயதான வெள்ளைக்காரி. தலையில் வெள்ளைத் துணி. கழுத்தைச் சுற்றி, சேலைக் கொசுவத்தை வட்டமாக அடுக்கி வைத்தது போல, மடிப்பு மடிப்பாக ஒரு பெரிய வெள்ளைப் பட்டை. அதன்மேல் தட்டில் வைத்த மாதிரி அவள் முகம். லேசாக ஒரு பக்கம் திரும்பி நம்மைப் பார்க்கிறாள்.

"இதையா? எதுக்குங்க மிஸ்?"

"பழைய படத்தைக் காப்பி பண்ணாத்தான் கை படியும். அவங்க வெளிச்சத்தை எங்க வெச்சாங்க, எங்க நிறுத்தினாங்கன்னு தெரியும். உயிரோட இருக்கிறவங்க அசைவாங்க. இவங்க அசைய மாட்டாங்க."

நியாயமாகத்தான் பட்டது. மூன்று மாதத்தில் முடித்துவிட்டு பாட்டில் கழுவும் அம்மாவுக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன்.

முதல் ஆறு வாரம் பெயின்ட்டையே தொட விடவில்லை. படத்தின்மேல் கட்டம், கேன்வாஸின்மேல் கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருக்கிறதோ அதை மட்டும் பென்சிலால் போட வேண்டும். கண் என்று நினைக்கக் கூடாது, மூக்கு என்று நினைக்கக் கூடாது. கோடு எங்கே உள்ளே வருகிறது, எங்கே வெளியே போகிறது, அவ்வளவுதான். நான் ஒரு மூக்கைப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் பின்னாலிருந்து குரல் வரும். "அரை விரற்கடை கீழ இருக்கு மேடம்." அழிப்பேன். "இப்ப மேல போயிருச்சு." அழிப்பேன். நான் ஒரு மில்லிகிராம் வித்தியாசத்தைக் கண்டுபிடித்துச் சரக்கைத் திருப்பி அனுப்புகிறவள். என்னை ஒரு மூக்குக்காக ஒன்பது தடவை திருப்பி அனுப்பினாள்.

அடுத்து ஒரே ஒரு பழுப்பு நிறத்தை வைத்துக்கொண்டு இருட்டையும் வெளிச்சத்தையும் மட்டும் பூச வேண்டும். அதற்கு ஒரு மாதம். அது காய வேண்டும். காய்ந்த பிறகு நிறம். இந்தக் காய்வதுதான் என்னைக் கொன்றது. எண்ணெய் வண்ணம் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலிருக்கும் ஆக்சிஜனை மெதுவாக இழுத்துக்கொண்டு கெட்டியாகும். இதை நான் மிஸ்ஸுக்கே விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிங்க மேடம். எதுவா இருந்தாலும் பத்து நாள் தொடாதீங்க" என்றாள்.

வகுப்பில் வாரத்துக்கு மூன்று மணி நேரம் போதவில்லை என்று கேன்வாஸை வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்தேன். சேலம் பஸ்ஸில் அதை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வருவது தனிக் கொடுமை. மேச்சேரியில் ஏறுகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்து, "யாருங்க இது?" என்பார்கள். "தெரியாதுங்க" என்பேன். தெரியாதவளை ஏன் தூக்கிக்கொண்டு வருகிறாய் என்று அவர்கள் வாயால் கேட்டதில்லை, முகத்தால் கேட்பார்கள்.

வீட்டில் பார்த்து வரைய எனக்கென்று ஒரு அச்சுப் படம் வேண்டியிருந்தது. மிஸ் போனில் அனுப்பியதை ஒரு கடையில் கொடுத்துப் பெரிதாக எடுத்தேன். அதை வைத்து மூன்று வாரம் கன்னத்துக்கு நிறம் பூசினேன். எனக்கே திருப்தியாக இருந்தது. வகுப்புக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன். மிஸ் கிட்டே வந்தாள், தள்ளிப் போனாள், மறுபடியும் கிட்டே வந்தாள்.

"மேடம், பாட்டிக்கு ஏன் ரோஸ் பவுடர் போட்டிருக்கீங்க?"

என் அச்சுப் படத்தை அவள் அச்சுப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவளுடையதில் கிழவியின் கன்னம் பழைய தந்தம் மாதிரி மஞ்சளாக, ஓரத்தில் பச்சையாக இருந்தது. என்னுடையதில் கல்யாணப் பெண் மாதிரி ஜொலித்தாள். சுருக்கங்களில் பாதியைக் காணோம். கடைக்காரரிடம் போய்க் கேட்டேன்.

"ஆமாங்க, ரொம்ப டல்லா இருந்துச்சு. நான்தான் கொஞ்சம் கலர் ஏத்தி முகத்தை க்ளீன் பண்ணி உட்டேன். எல்லாருக்கும் செஞ்சு குடுக்கறதுதானுங்க" என்றார், நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்தபடி.

மூன்று வார வேலையைத் துணியால் துடைத்து எடுத்தேன். முக்கால்வாசி காய்ந்துவிட்டதால் அது துடைக்கவும் வரவில்லை. சின்னக் கத்தியால் சுரண்டினேன். எங்கள் வீட்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர், "என்ன, கெழவிக்குச் சவரமா?" என்றார்.

அடுத்தது கழுத்துப் பட்டை. அந்த மடிப்புகளை நான் எண்ணியிருக்கிறேன், ஐம்பத்தேழு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வெளிச்சம், ஒரு நிழல், நிழலுக்குள் இன்னொரு சின்ன வெளிச்சம். இரண்டு மாதம். முடித்ததும் சீக்கிரம் காய வைக்க வேண்டும் என்று தோன்றியது. வெயிலும் சூடும் இருந்தால் ஆக்சிஜன் வேகமாகச் சேரும், எனக்குத் தெரியாத வேதியியலா? சித்திரை மாதம் மேட்டூர் வெயிலில் மொட்டைமாடியில் ஒரு மெல்லிய துணியை மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வந்து துணியை எடுத்தால் வெள்ளைப் பட்டை முழுக்கச் சுருங்கிக் கிடந்தது, பால் ஆறியதும் மேலே ஆடை சுருங்குமே, அந்த மாதிரி. மேல்தோல் முந்திக் காய்ந்து இழுத்துக்கொண்டுவிட்டது, உள்ளே இன்னும் ஈரம். போதாததற்குத் துணியின் நெசவு வேறு அப்படியே பதிந்திருந்தது.

மிஸ் சுருக்கத்தை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள்.

"எங்க காய வெச்சீங்க?"

"வெயில்ல."

"நீங்க கெமிஸ்ட்ரி படிச்சவங்கதானே மேடம்?"

ஐம்பத்தேழு மடிப்பையும் சுரண்டினேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமல் போனது வாய் விஷயத்தில்தான். அசல் படத்தில் அந்தக் கிழவியின் உதட்டோரம் ஒரு மயிரிழை அளவு மேலே போகும். சிரிப்பு என்று சொல்ல முடியாது. எதையோ கேட்டுக்கொண்டு, பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி. நான் வரைந்தால் அது கீழே போகும். மேலே ஏற்றுவேன். அடுத்த வாரம் பார்த்தால் கீழே இருக்கும். பெயின்ட் வழிந்து வந்ததா என்றுகூடச் சந்தேகப்பட்டேன். உதட்டை ஏற்றினால் கன்னம் உப்பும், கன்னத்தைக் குறைத்தால் கண் முறைக்கும். கண்ணைச் சரிசெய்தால் மறுபடியும் உதடு தொங்கும். இப்படி எட்டு வாரம்.

ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்காரர் காபியைக் கையில் வைத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏன், எங்கக்காவை எதுக்கு வரையறே?"

அவர் சொன்னபிறகு வேறு எதுவும் கண்ணில் தெரியவில்லை. நங்கை. என் வீட்டுக்காரரின் அக்காவை நாங்கள் நங்கை என்றுதான் கூப்பிடுவோம். நாமக்கல் பக்கம் கிராமத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்களுக்குள் சண்டை என்று எதுவும் கிடையாது, ஒட்டுதலும் கிடையாது. எதைச் செய்தாலும் உதட்டோரத்தைக் கீழே இழுத்து ஒரு பார்வை பார்ப்பார். வேலைக்குப் போனதற்கு ஒரு பார்வை, ஒற்றைக் குழந்தையோடு நிறுத்தியதற்கு ஒரு பார்வை, குழம்பில் தேங்காய் போட்டதற்கு ஒரு பார்வை. "நீதான் ஊட்டுப்பக்கமே வாரதில்லையே அம்மிணி" என்பது எப்போது போன் செய்தாலும் முதல் வாக்கியம். அந்த உதடுதான், அந்தப் பார்வையேதான், நானூறு வருடத்து வெள்ளைக்காரியின் முகத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

வகுப்பில் மிஸ்ஸிடம் சொன்னேன். அவள் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

"அதான் மேடம் ஆரம்பத்துலேர்ந்து சொல்றேன். நீங்க படத்தைப் பாக்கறதே இல்ல. அரை செகண்டு பாத்துட்டு, பாக்கி நேரம் உங்களுக்குத் தெரிஞ்ச மூஞ்சியை வரையறீங்க."

"நான் ஏன் மிஸ் அவங்க மூஞ்சியை வரையணும்? நேர்ல பாக்கறதுக்கே நான் போறதில்ல."

"அது எனக்குத் தெரியாது. ரெண்டு படத்தையும் தலைகீழா வைங்க."

தலைகீழாக வைத்து ஒரு மாதம் வரைந்தேன். உதடு என்பது தெரியாமல், ஒரு சிவப்புப் பட்டையும் இரண்டு நிழல்களும் என்று நினைத்துக்கொண்டு. நூலில் ஒரு இரும்பு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, எந்தப் புள்ளிக்கு நேர் கீழே எந்தப் புள்ளி என்று அளந்தேன். அளவெல்லாம் சரியாக வந்தது. மிஸ்ஸே ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டு, சரி என்றாள். படத்தை நேராகத் திருப்பினோம். நங்கை என்னைப் பார்த்தார். அளவு சரியான நங்கை.

அழுகை வந்தது, ஆத்திரத்தில்தான். "இதை இங்கயே போட்டுட்டுப் போறேன் மிஸ். எனக்கு வேண்டாம்" என்றேன்.

"சரி மேடம், போதும். இது முடிஞ்சுது. இதுக்கு மேல தொட்டா கெட்டுப்போகும். கழுத்துத் துணி நல்லாவே வந்திருக்கு" என்றாள் அவள். பதினான்கு மாதத்தில் அவள் என்னிடம் நன்றாக இருக்கிறது என்று சொன்ன ஒரே விஷயம் அந்தத் துணிதான். "ஆனா வீட்டுக்குக் கொண்டு போங்க. தூசி படாம வைங்க. ஆறு மாசம் கழிச்சு வார்னிஷ் பூசணும்."

கொண்டுவந்து படுக்கையறை அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், முகம் சுவரைப் பார்க்கும்படி சொருகினேன். நாலு நாள்கூட ஆகவில்லை. மேட்டூரில் ஒரு வளைகாப்புக்கு வந்த நங்கை, சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். தலைவலித் தைலம் தேடிப் படுக்கையறைக்குள் போனவர் வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தால், படத்தை வெளியே எடுத்துக் கட்டிலில் சாய்த்து வைத்து அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

என்ன சொல்லிச் சமாளிப்பது? உங்களை வேண்டுமென்றே வரையவில்லை என்றால், வேண்டாமல் ஏன் வரைந்தாய் என்று கேட்பாரே.

"நங்கை, அது வந்துங்க, ஒரு வெள்ளைக்காரம்மா. பழைய படம். அதைப் பாத்து..."

"அம்மா" என்றார் அவர்.

"என்னங்க?"

"எங்கம்மா அம்மிணி இது. எப்படி வரைஞ்சே?"

என் மாமியார் என் கல்யாணமாகி எட்டாம் மாதமே இறந்துபோனவர். எனக்கு அவர் முகம் சரியாக ஞாபகமே இல்லை. புதுப்பெண், நிமிர்ந்து பார்த்ததே குறைவு. வீட்டில் அவருக்குப் போட்டோ என்று ஒன்றும் கிடையாது. போட்டோ எடுத்தால் ஆயுள் குறையும் என்று நம்பியவர். எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட எல்லாப் படத்திலும் முகத்தைத் திருப்பிக்கொண்டோ, யாருக்கோ பின்னால் மறைந்துகொண்டோதான் இருப்பார். மாமனார் படம் மட்டும் நங்கை வீட்டுக் கூடத்தில் மாலையோடு தொங்கும். பக்கத்தில் ஆணி இருக்கும், படம் இருக்காது.

"நங்கை, இவங்க யாரோ வெளிநாட்டுக்காரங்க. நான் அத்தையை நெனச்சு வரையலைங்க."

"அது யாரா இருந்தா என்ன? கோவமா இருக்கறப்ப அம்மா இப்படித்தான் பாக்கும். நான் பள்ளிக்கூடம் போமாட்டேன்னு அழுதப்ப இதே மாதிரிதான் பாத்துச்சு" என்று சொல்லிவிட்டு அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நங்கை அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அவர்மேல் இரக்கப்படுவதா, என் பதினான்கு மாதத்துக்காக எரிச்சல்படுவதா என்று தெரியவில்லை. இரண்டும் இருந்தது. எரிச்சல் கொஞ்சம் கூடுதல்.

படத்தை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றார். இன்னும் காயவில்லை, மேலே கை படக் கூடாது, தூசி ஆகாது, மாட்டக் கூடாது என்று எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். "அட, நாங்க பாத்துக்கறோம் அம்மிணி" என்று காரின் பின்சீட்டில் படுக்க வைத்துக்கொண்டு போய்விட்டார். எங்கள் வீட்டுக்காரர் வாசலில் நின்று அக்காவுக்குக் கையசைத்தார்.

மறுநாள் காலையில் நங்கையின் மகன் போனில் ஒரு படம் அனுப்பினான். கூடத்தில், மாமனாருக்குப் பக்கத்திலிருந்த ஆணியில் என் வெள்ளைக்காரி தொங்கினாள். கழுத்துப் பட்டைக்கு மேலே சம்பங்கி மாலை. நெற்றியில் நட்டநடுவே குங்குமம், அதைச் சுற்றிச் சந்தனம். ஈரப் பெயின்ட்டின்மேல், விரலால் அழுத்தி.

போனை மிஸ்ஸிடம் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. அவள் சிரிப்பதை அன்றைக்குத்தான் பார்த்தோம். சிரித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது.

"காயாத படத்தை யாரு மேடம் குடுக்கச் சொன்னா? குங்குமம் உள்ள எறங்கிருக்கும். வார்னிஷ் பூசறதுக்கு முன்னாடி அந்த எடத்தைச் சரி பண்ணணும். நீங்கதான் போய்ச் செய்யணும்."

ஆறு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, வார்னிஷ் பாட்டில், பிரஷ், நெற்றிக்கு வேண்டிய நாலு டியூப் பெயின்ட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு சங்ககிரி வழியாக நாமக்கல் பக்கம் போனேன். லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. போய்ச் சேர்ந்ததும் நங்கை மோர் கொடுத்தார். நான் படத்தைக் கீழே இறக்கி, நெற்றியைத் துடைக்கப் போனேன்.

"ஐயோ, பொட்டைத் தொடாதே!"

"இது காய்ஞ்சு உரிஞ்சு போயிருக்குதுங்க நங்கை. எடுத்துட்டுச் சரி பண்ணித் தர்றேன்."

"அம்மா சுமங்கலியாப் போனவ. அவ நெத்தியில பொட்டை அழிக்கறதா? இருக்கட்டும்."

அரைமணி நேரம் வாதாடினேன். பழைய படம் என்றேன், காப்பி என்றேன், வெள்ளைக்காரிகள் பொட்டு வைப்பதில்லை என்றேன். எதுவும் எடுபடவில்லை. கடைசியில், குங்குமத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் அதே அளவில் பெயின்ட்டாலேயே பொட்டு வரைந்து தருவதாக ஒப்பந்தம் ஆனது. வரைந்தேன். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"வார ஆளெல்லாம் கேக்கறாங்க, கழுத்துல என்னன்னு" என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சளிக்குக் கட்டியிருக்குன்னு சொன்னேன். அம்மாவுக்கு மார்கழி வந்தா இருமல் நிக்காது."

ஐம்பத்தேழு மடிப்பு. இரண்டு தடவை. நான் பொட்டின் ஓரத்தை வட்டமாக்கினேன்.

பொட்டு முடிந்து எழுந்திருக்கும்போது, "அம்மிணி, ஒண்ணே ஒண்ணு" என்று உள்ளே போனார். வரும்போது கையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா. பஞ்சுக்குள் ஒரு மூக்குத்தி, வெள்ளைக்கல், ஓரம் கறுத்துப்போனது. "அம்மாவுது. மூக்குத்தி இல்லாத மூக்கு என்னமோ மாதிரி இருக்குது. இதையும் போட்டுடேன்."

போட முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் அதற்குள் மூக்குத்தியை உள்ளங்கையில் வைத்து ஜன்னல் பக்கம் நீட்டிவிட்டார். கையில் தீவனத் தூசி. கல் பளபளக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். அது பளபளக்கவில்லை. முக்கால்வாசி சாம்பல் நிறம், ஒரு ஓரத்தில் மட்டும் ஊசிமுனை அளவு வெள்ளை, அதற்கு எதிர் ஓரத்தில் அவர் தோலின் பழுப்பு உள்ளே தெரிந்தது. வேறு எதையும் நினைக்காமல் அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையை அசைக்கவே இல்லை. சாம்பலைக் கலந்து ஒரு புள்ளி வைத்தேன். பழுப்பு ஒரு துளி. கடைசியில் வெள்ளை, ஒரே தொடுகை. எழுந்து நாலடி தள்ளி நின்று பார்த்தேன். மூக்கின்மேல் ஒரு கல் உட்கார்ந்திருந்தது. யாரும் அதை அழிக்கச் சொல்ல முடியாத அளவுக்கு உட்கார்ந்திருந்தது.

நங்கையும் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மூக்கைச் சிந்தறப்ப இதைக் கழட்டி என்ற கையிலதான் குடுக்கும்" என்றார்.

பெருமையோடு பையை எடுத்து வார்னிஷ் பாட்டிலைத் திறக்கப்போன பிறகுதான் உறைத்தது. பொட்டும் ஈரம், மூக்குத்தியும் ஈரம். ஈரப் பெயின்ட்டின்மேல் வார்னிஷ் பூச முடியாது. அதுவும் அந்த வெள்ளைப் புள்ளியைத் தடிமனாக வைத்திருந்தேன். மறுபடியும் ஆறு மாதம். நெற்றியைச் சரிசெய்ய வேண்டியிருக்கும் என்று முன்பே தெரியும். பிறகு எதற்கு வார்னிஷைத் தூக்கிக்கொண்டு வந்தேன்? இருபத்தாறு வருட வேதியியல்!

"இன்னைக்கு முடியாதுங்க நங்கை. காயணும். இன்னும் ஆறு மாசம் கழிச்சுத்தான் வார்னிஷ். அதுவரைக்கும் தயவுசெஞ்சு யாரும் தொடாதீங்க. மாலை வேண்டாம். சந்தனம் வேண்டாம். ஊதுவத்தியைப் பக்கத்துல கொளுத்தாதீங்க."

"ஊதுவத்திகூடவா ஆகாது?" என்று உதட்டோரத்தைக் கீழே இழுத்து என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி மருமகளிடம் இன்னொரு ஆளுக்குச் சோறு வைக்கச் சொன்னார். "ஆறு மாசம் எதுக்கு? நடுவுல ஒருதடவை வந்து காஞ்சுதான்னு பாத்துட்டுப் போ அம்மிணி. சாப்புட்டுட்டுப் போலாம், பஸ்ஸு மூணு மணிக்குத்தான்."

சாப்பிட்டேன். குழம்பில் தேங்காய் போட்டிருந்தது. மூன்று மணி பஸ் மூன்றே முக்காலுக்கு வந்தது. திறக்காத வார்னிஷ் பாட்டிலை ஒரு கையில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே சங்ககிரி வரைக்கும் நின்றபடி வந்தேன்.